ஒத்தச் சாவி வண்டிக்கு ரெண்டாவது சாவி: 250 ரூவாய்க்கும் 9,000 ரூவாய்க்கும் நடுவுல

தம்பி, நீங்க கேட்டதைய ஒருக்கா நானே சொல்லிப்போடறன், மத்தவிங்களுக்கும் புரியோணுமில்ல. 2013 ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட்ல வாங்கிருக்கீங்க, கைக்கு வந்தது ஒரே ஒரு சாவி. அவிநாசில சாவி போடறவர்கிட்ட 250 ரூவாய் குடுத்து இன்னொன்னு போட்டீங்க, அது கதவத் தொறக்குது, ஸ்டியரிங் லாக்கும் எடுக்குது, ஆனா வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆவ மாட்டீங்குது. சர்வீஸ் சென்டர்ல கேட்டா 9,000 சொச்சம், பதினஞ்சு நாள் ஆகும்ங்கறாங்க. நடுவுல ஏதாச்சும் வழி இருக்குதுங்களான்னு கேக்கறீங்க.

இருக்குதுங்க. நான் கோபில ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வெச்சு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, சாவி வெட்டற மெஷினு எங்கிட்ட கெடையாது, சாவி சோலி வந்தா நானும் ஈரோட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ தான் தாட்டி விடுவேன், அதனால இதுல எனக்கு கமிசன் ஒண்ணும் இல்லீங்க, தெரிஞ்சத சொல்றன்.

மொத வெசயம், அந்த 250 ரூவாய் சாவிய தூக்கிப் போட்றாதீங்க. அந்தாளு உங்கள ஏமாத்துலீங்க, அவரு வெட்டுனது இரும்பு, அது சரியாத்தான் வெட்டிருக்குது, இல்லீன்னா ஸ்டியரிங் லாக்கே எடுக்காது. கொறை என்னன்னா உங்க ஒரிஜினல் சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்குது, ஒரு செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம் இருக்கும், சிலதுல கண்ணாடிக் குழாயாட்ட, சிலதுல கறுப்பா கரித்துண்டாட்ட. அது இந்தப் புது சாவில இல்ல. நம்பலைன்னா ஒண்ணு பண்ணிப் பாருங்க, 250 ரூவாய் சாவிய இக்னிஷன்ல போட்டுட்டு, ஒரிஜினல் சாவியோட தலைய அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே ஒட்டிப் புடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. டக்குனு புடிச்சுக்கும். புடிச்சுதுன்னா இரும்பு நல்லாருக்குது, சிப்பு ஒண்ணு தான் பாக்கின்னு அர்த்தம். காசு செலவில்லாத டெஸ்ட்டு இது, என்ற பட்டறைல தெனமும் பண்றது.

இது எப்படி வேல செய்யுதுன்னு சித்த தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா கடைல எவனும் உங்களுக்கு காது குத்த முடியாது. இக்னிஷன் பூட்டைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும், உள்ள செம்புக் கம்பி சுத்துன காயில். நீங்க சாவிய ஆன் பண்ணுனதும் அந்த காயில் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அலைய விடும், சாவிக்குள்ள இருக்கற சிப்புக்கு பேட்டரியே கெடையாது, அந்த அலைலருந்தே கரண்டு எடுத்து முழிச்சுக்கும், அதனால தான் சில செண்டிமீட்டர் தாண்டுனா அது செத்த பொணம். முழிச்சதும் தன்ற நம்பர சொல்லும். பழைய சிப்புக அதோட நிறுத்திக்கும். அதுக்கு அடுத்து வந்ததுல வண்டி ஒரு கேள்வி கேக்கும், ஒவ்வொரு தடவையும் வேற வேற கேள்வி, சிப்பு தன்ற ரகசிய எண்ண வெச்சு கணக்குப் போட்டு பதில் சொல்லோணும், பதில் ஒத்துப்போனா தான் ஈசியூ, அதாவது எஞ்சின நடத்தற கம்ப்யூட்டரு, டீசலோ பெட்ரோலோ எறக்கும். ஒத்துப்போவுலீன்னா செல்ப் சுத்தும், எஞ்சின் புடிக்காது, சில வண்டில ஒரு செகண்டு புடிச்சு பொக்குனு நின்னுரும். டேஷ்போர்டுல காரு மேல சாவி போட்டாப்ல ஒரு லைட்டு மினுக்கும் பாருங்க, அதுதான் அறிகுறி. மாருதிக்காரங்க இதுக்கு ஐகேட்ஸ்னு பேரு வெச்சுருக்காங்க, பொதுவா இம்மொபிலைசர்ங்கறது. ஐரோப்பால 1998லயே புது காருக்கெல்லாம் இது கட்டாயம் ஆயிருச்சு, நம்மூருக்கு பொறவு மெதுவா வந்துச்சு. பழைய மாருதி 800, ஆம்னி வெச்சிருந்தவிங்களுக்கு இந்த ரோதனையே கெடையாது, இரும்ப வெட்டுனா முடிஞ்சுது, பெரியவிங்க திண்டுக்கல் பூட்டுக்கு மாத்துச் சாவி போட்டாப்ல தான்.

இப்ப காசு விசயத்துக்கு வாரேன். உங்க சாவில ரெண்டு சமாச்சாரம் ஒட்டுக்கா ஒரே தலைக்குள்ள கெடக்குது. ஒண்ணு சிப்பு, வண்டிய ஸ்டார்ட் பண்ண. இன்னொண்ணு ரிமோட்டு, பட்டன அமுக்குனா கதவு தொறக்க. ரெண்டும் வேற வேறங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல. ரிமோட்டுக்குத் தான் பேட்டரி, அது செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆவும். சர்வீஸ் சென்டர்ல 9,000 சொல்றது ரெண்டும் சேத்து கம்பெனி சாவிக்கு, அத ஆர்டர் போட்டு வரவெச்சு, புரோகிராமிங் சார்ஜும் வெச்சு. உங்களுக்கு வேண்டியது அவசரத்துக்கு ஒரு மாத்துச் சாவி, அதுக்கு ரிமோட்டு எதுக்குங்க? கதவ கையில திருகித் தொறந்துக்கலாம். ரிமோட்டு இல்லாம வெறும் சிப்புச் சாவின்னு கேளுங்க, கிட்டத்தட்ட பாதி செலவு அங்கயே கொறஞ்சு போயிரும். நெறைய பேருக்கு இப்படி ஒண்ணு கேக்கலாம்னே தெரியறதில்ல, கடைக்காரரும் தானா சொல்றதில்ல, ஏன்னா ரிமோட்டுல தான் அவருக்கு லாபம்.

எங்க பக்கம் நான் பாத்துக்கிட்டு இருக்கற ரேட்டு, உங்க வண்டியாட்ட வண்டிக்கு, ஒரு சாவி வேல செய்யற நெலமைல கைல இருந்தா, வெறும் சிப்புச் சாவி 1,500லருந்து 2,500க்குள்ள முடியும், ஃபிளிப் ரிமோட்டோட, அதாவது சாவி உள்ள மடங்கற ரிமோட்டோட வேணும்னா 3,000 - 4,500 ஆவும். நீங்க ஏற்கனவே வெட்டுன சாவி இருக்குதுல்ல, தலைல சிப்பு வெக்க எடம் இருக்கற மாடலான்னு கேளுங்க, இருந்தா வெட்டுக்கூலி மிச்சம். ஆனா தேஞ்சுபோன சாவியப் பாத்து வெட்டுனதுன்னா அந்த தேய்மானமும் சேந்து தான் வந்துருக்கும், நாலு மாசத்துல இறுக ஆரம்பிக்கும். வண்டியோட புதுசுல சாவிக்கொத்துல ஒரு சின்ன தகடு வரும், நம்பர் அடிச்சு, அது இருந்துச்சுன்னா அந்த நம்பர வெச்சு புதுசாட்டவே வெட்டிக்கலாம். பழைய ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க, பீரோவுல கெடந்தாலும் கெடக்கும்.

கடைல ரெண்டு விதமா செய்வாங்க. ஒண்ணு நகல், அதாவது குளோன். இருக்கற சிப்புல இருக்கறத அப்படியே புது சிப்புல ஏத்தறது, வண்டிக்கு ரெண்டு சாவின்னே தெரியாது, ஒரே சாவின்னு தான் நெனச்சுக்கும். பழைய சிப்புன்னா ரெண்டு நிமிசம். ஐடி 46னு ஒரு சிப்பு இருக்குது, நம்மூரு வண்டிகள்ல நெம்ப பரவலா கெடக்கும், அதுக்கு மெஷின வளையத்துக்குப் பக்கத்துல வெச்சு, ஒரிஜினல் சாவிய நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணச் சொல்லுவாரு, வண்டியும் சாவியும் பேசிக்கறத மெஷினு ஒட்டுக்கேக்கும், அத வெச்சு ரகசிய எண்ணக் கண்டுபுடிக்கும். இது எப்படி முடியுதுன்னா அந்த கணக்குல ஓட்டை இருக்குதுன்னு 2012லயே ஆராய்ச்சி பண்ணுனவிங்க வெளிய சொல்லிப்போட்டாங்க, அதுக்கு முந்தி 2005ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டிக்காரங்க வேற ஒரு சிப்ப ஒடச்சுக் காட்டுனாங்க. கள்ளனுக்கு ஒதவுன ஓட்டை நமக்கும் ஒதவுது, என்ன பண்றது.

இன்னொண்ணு புரோகிராமிங். ஸ்டியரிங்குக்கு அடில இருக்கற ஓபிடி சாக்கெட்டுல மெஷின சொருகி, இந்தா இதும் உன்ற சாவி தான்னு வண்டியோட மெமரில புதுசா சேக்கறது. புது மாடல் சிப்புக நகலுக்கு லேசுல மசியாது, அதுகளுக்கு இது தான் வழி. உங்க விசயத்துல, தம்பி, ரெண்டுமே முடியும்னாலும் நான் புரோகிராமிங் தான் சொல்லுவேன், ஐநூறு எச்சா ஆனாலும் பரவால்ல. காரணம் இருக்குது. நீங்க வாங்குனது செகண்ட் ஹேண்ட். கம்பெனிலருந்து ரெண்டு சாவி வந்துருக்கும், உங்களுக்கு ஒண்ணு தான் வந்துருக்குது, இன்னொண்ணு எங்க? நெசமாவே தொலஞ்சிருக்கலாம், இல்ல யாரோட டிராயர்லயோ பத்திரமா கெடக்கலாம். புரோகிராம் பண்ணும்போது மெஷினு எத்தன சாவி மெமரில இருக்குதுன்னு காட்டும். ரெண்டுன்னு காட்டுச்சுன்னா, கைல ஒண்ணு தான் இருக்குதுன்னா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு கைல இருக்கறதயும் புதுசையும் மட்டும் ஏத்தச் சொல்லுங்க. அந்தக் காணாமப்போன சாவி அப்பறம் கதவ வேணா தொறக்கும், வண்டிய நகத்தாது. குளோன்ல இந்த வசதியே இல்லீங்க. எல்லாம் முடிஞ்சு கெளம்பறதுக்கு முந்தி மறுக்கா ஸ்கிரீனப் பாருங்க, ரெண்டு சாவி போட்ட எடத்துல மூணுன்னு காட்டுச்சுன்னா அந்த மூணாவது யாருக்குன்னு அங்கயே கேட்டுப்போடுங்க.

எங்க போறதுங்கறதுக்கு கடை பேரு நான் சொல்ல மாட்டேனுங்க, இன்னிக்கு நல்லா இருக்கறவன் நாளைக்கு எப்படியோ. கோயம்புத்தூர்ல காந்திபுரம், டவுன்ஹால் பக்கம், திருப்பூர், ஈரோடுன்னு எல்லா டவுன்லயும் சாவிக்கடைல நாலு பேருல ஒருத்தர்கிட்டயாச்சும் இந்த மெஷினு இருக்கும். போன்ல கேக்கும்போது "கார் சாவி போடுவீங்களா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் போடுவோம்னு தான் சொல்லுவாங்க. "2013 ஸ்விஃப்ட், பெட்ரோலு, ஒரு சாவி கைல இருக்குது, ரிமோட்டு வேண்டாம், சிப்போட ஆட் கீ போடோணும், எவ்ளோங்ணா"ன்னு கேளுங்க. ஆட் கீன்னா இருக்கற சாவியோட இன்னொண்ணு சேக்கறது. அந்த வார்த்தையச் சொன்னீங்கன்னா அந்தப் பக்கம் தொண்டையே மாறும், இவனுக்கு வெசயம் தெரியும் போலன்னு. ஆர்சி புக்கும் ஆதாரும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்றவர் நல்ல ஆளு, அது கூட கேக்காம வாங்க வாங்கன்னு கூப்புடறவர் எல்லாருக்கும் அப்படியே தான் போட்டுக் குடுப்பாரு, யோசிச்சுக்குங்க. வேலைய வண்டிகிட்டயே, உங்க கண்ணு முன்னால செய்யச் சொல்லுங்க, சாவிய குடுத்துட்டு டீ குடிக்கப் போற சோலி ஆகாது. பில்லும் வாங்கிக்குங்க.

போறதுக்கு முந்தி பேட்டரி எப்படி இருக்குதுன்னு பாத்துக்குங்க. புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கறப்ப வோல்ட்டேஜ் எறங்கி பாதில நின்னுச்சுன்னா இம்மொபிலைசர் யூனிட்டே கொழம்பிப்போயிரும், அப்பறம் சாவிக் காசோட போவாது. காத்தால செல்ப் இழுக்கற வண்டியோட போவாதீங்க. அப்பறம் வீட்டுல இருக்கற அத்தன சாவியும் எடுத்துட்டுப் போவோணும், ஏன்னா சில முறைல பழசு எல்லாம் அழிஞ்சு மறுக்கா ஏத்தற மாதிரி வரும், வீட்டுல உட்டுட்டு வந்த சாவி அன்னிலருந்து வெறும் இரும்பு.

டெஸ்ட் பண்றதுல தான் பாதிப்பேரு ஏமாந்து போறாங்க. புது சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்றப்ப ஒரிஜினல் சாவிய அதே வளையத்துல தொங்க உட்டுருப்பாங்க, வண்டி ஒரிஜினல் சிப்பப் பாத்து ஸ்டார்ட் ஆயிரும், ஆஹான்னு காசக் குடுத்துட்டு வந்துருவாங்க. ஒரிஜினல வண்டிய விட்டு நாலு அடி தள்ளி யார்கிட்டயாச்சும் குடுத்துட்டு, புது சாவிய மட்டும் வெச்சு மூணு நாலு தடவ போட்டுப் போட்டு எடுங்க, பத்து நிமிசம் ஆற உட்டுட்டு மறுக்கா ஒருக்கா. அப்பறம் டிரைவர் கதவு, டிக்கி எல்லாம் கையில திருகிப் பாருங்க, எங்கயும் இறுகக் கூடாது.

இன்னும் கொஞ்சம் கோக்குமாக்கு வழிகள் இருக்குது, அதுல போயி மாட்டிக்காதீங்க. கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய ஸ்பேர்ஸ் கடைல ஸ்கிராப் வண்டி ரிமோட்டு 500 ரூவாய்க்குக் கெடைக்கும், பாக்க ஒரிஜினல், ஆனா பல கம்பெனி சிப்புக ஒரு தடவ ஒரு வண்டியோட கல்யாணம் ஆயிருச்சுன்னா வேற வண்டிக்கு வராது, அதுக்குன்னு சிப்பு மாத்தி மெனக்கெட்டா புதுசே வாங்கிருக்கலாம். ஆன்லைன்ல ரிமோட்டு வாங்கறவிங்க அலைவரிசையப் பாக்கோணும், நம்மூரு வண்டிக்கு பொதுவா 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்கா ஜப்பானுக்கு 315, ரெண்டும் அச்சு அசலா ஒரே டப்பாவுல வரும், மாத்தி வாங்குனீங்கன்னா பட்டன் அமுக்கி வெரலு தான் தேயும். அப்பறம் சாவித் தலையோட பிளாஸ்டிக் ஓடு மாத்தறது. தலை ஒடஞ்சுதுன்னு 300 ரூவாய்க்கு புது ஓடு வாங்கி, போர்டையும் பட்டனையும் மாத்திப்போட்டு பழச குப்பைல போட்டுருவாங்க, சிப்பு பழைய ஓட்டுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு குப்பை வண்டில போயிரும். அப்படி ரெண்டு பேருக்கு வீட்டு வாசல்ல குப்பையக் கொட்டித் தேடிக் குடுத்துருக்கறன். ரெண்டு பேரும் வாத்தியாருங்க, அது வேற.

இன்னொரு அறிவாளித்தனம், ஒரு சிப்ப வளையத்துக்குப் பக்கத்துல டேப் போட்டு நெரந்தரமா ஒட்டிப்போட்டா 250 ரூவாய் சாவியே போதும்ங்கறது. போதும் தான். அந்தக் கள்ளனுக்கும் போதும்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றன், ஏன் இன்னிக்கே இந்த வேலைய முடிக்கோணும்னு. ரெண்டு மூணு வருசத்துக்கு முந்தி ஆடிப்பெருக்கு நோம்பிக்கு பவானி கூடுதுறைக்கு எங்க ஒறம்பரை ஒருத்தரு குடும்பத்தோட போயி, தண்ணில முழுகி எந்திரிச்சா சட்டப்பைல இருந்த சாவி ஆத்தோட போயிருச்சு. ஒத்தச் சாவி வண்டி. மாமா என்ன பண்றதுங்கன்னு போன் பண்றான், நான் என்ன மந்திரம் போடறதா. அன்னிக்கு கூட்டத்துல ரெக்கவரி வண்டி உள்ள வரவே சாயங்காலம் ஆயிருச்சு, ஈரோட்டுக்கு ஏத்திட்டுப் போயி, எல்லா சாவியும் போச்சுங்கற கணக்குல பூட்டப் பாத்து சாவி வெட்டி, மெமரிய அழிச்சு ஏத்தி, டோயிங்கோட சேத்து பதினொண்ணாயிரத்த நெருங்கிருச்சு. அதே வண்டிக்கு மொத வாரம் வந்துருந்தா ரெண்டாயிரத்துல முடிஞ்சிருக்கும். ஒரு சாவியாச்சும் கைல இருக்கற வரைக்கும் தான் இந்த சல்லிசு ரேட்டெல்லாம்.

இன்சூரன்ஸ்லயும் ஒரு சிக்கல் இருக்குது. வண்டி களவு போயி கிளைம் பண்ணுனா ரெண்டு ஒரிஜினல் சாவியும் குடுங்கன்னு கேப்பாங்க, ஒண்ணு இல்லீன்னா வண்டிலயே சாவிய உட்டுட்டுப் போயிட்டீங்களான்னு இழுப்பாங்க. அதனால வித்தவர்கிட்ட, "ஒரு சாவி மட்டுமே ஒப்படைக்கப்பட்டது"ன்னு டெலிவரி நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க, புது சாவி போட்ட பில்லயும் அதோட சேத்து வெய்யுங்க. அடுத்த ரென்யூவல்ல கீ ரீப்ளேஸ்மெண்ட் ஆட் ஆன் இருக்குதான்னும் பாருங்க, சாவி தொலஞ்சா போலீஸ் புகார் காப்பி கேப்பாங்க, ஸ்டேசன்ல சிஎஸ்ஆர் ரசீதாச்சும், அதாவது புகார் வாங்குனதுக்கு குடுக்கற ரசீதாச்சும் வாங்கிக்கோணும். இனி யாராச்சும் செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்கப் போனா ஒத்தச் சாவின்னா வெலைல 5,000 கொறைக்கச் சொல்லுங்க, புரோக்கரு மொனகுவாரு, கொறைப்பாரு.

மத்த வண்டிக்காரங்களுக்கு வெருசா சொல்லிப்போடறன். பழைய ஃபோர்டு சிலதுல ரெண்டு சாவி கைல இருந்தா மூணாவதை மெஷினே இல்லாம நாமளே ஏத்திக்கலாம், மேனுவல்லயே போட்டுருப்பாங்க, ரெண்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஆன் பண்ணி எடுத்துட்டு உடனே புதுசப் போடோணும். டொயோட்டால சாம்பல் தலைச் சாவி மட்டும் இருந்தா அத வெச்சு புதுசு சேக்க முடியாது, கறுப்புத் தலை மாஸ்டர் சாவி வேணும். பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா சல்லிசுங்கற பேச்சே கெடையாதுங்க, அதுக்கு ரிமோட்டும் சிப்பும் பிரிக்க முடியாத ஒரே பொருளு, அதுல மிச்சம் புடிக்கறத விட தொலைக்காம பாத்துக்கறது தான். அதோட பேட்டரி எறங்கிப்போனா பதறாதீங்க, ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி வெச்சு அமுக்குனா பெரும்பாலும் புடிச்சுக்கும், உள்ள ஒரு இரும்புச் சாவியும் ஒளிச்சு வெச்சுருப்பாங்க, கதவுக்கு.

புது சாவி வந்ததும் அத வண்டி டேஷ்போர்டுலயே போட்டு வெக்கற ஆளுகளும் இருக்கறாங்க, ஏனுங்க அது? வீட்டுல அம்முணி கைல குடுத்து வெய்யுங்க. ஊருக்குப் போறப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணா எடுத்துட்டுப் போங்க, ஒரே பைல போட வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா அதுலயே ஒரு நாள் வண்டிய எடுத்துப் பாருங்க. எங்கூட்டுச் சாவி சாமி ரூம்புல உண்டியலுக்குப் பொறவால கெடக்குது, பேட்டரி இல்லாத சாமான்ங்கறதுனால எத்தன வருசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது, போன பங்குனி பண்ணாரி குண்டத்துக்குப் போறப்ப எடுத்துப் போட்டேன், விபூதியத் தொடச்சுட்டுப் போட்டதும் மொத சுத்துலயே புடிச்சுது.